சிறுநீரகம் பழுதானால் தோலும் இரத்தக் குழாய்களும் படும் பாடு



இம்மலருக்கு உடல்நலம் பற்றிய கட்டுரை ஒன்று வேண்டும் என மலர்க்குழுவினர் கேட்டபோது, நான் மருத்துவன் அல்லவே என்று தயங்கினேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் கணிதமும் அறிவியலும் போதித்து ஓய்வு பெற்றவன், அவ்வளவே. எனினும் நமது அன்னதானக் கூடத்தில் நான் செய்த ஒரு காரியம் என் மனத்தை விட்டு அகலவில்லை. அதனை முதலில் சொல்லிவிட்டு, பின்னர் மருத்துவர்களிடமும் தாதியரிடமும் கேட்டும், படித்தும் நான் அறிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

கிள்ளானிலிருந்து ஓர் அம்மையார் வெள்ளிக்கிழமைதோறும் கொமுட்டர் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்கு வருவார். காய்கறி வெட்டும் பகுதியில் அவருக்கு நிகர் அவரே. ஒரு சமயம் அவருடைய கைகளிலும் கழுத்திலும் கருந்தழும்புகள் தோன்றின. உட்கார்ந்த இடத்தில் ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தார். உடன் வேலை செய்த மாதர் சிலர் என்னிடம் வந்து, "சார், அது தொத்துற சொறி மாதிரி இருக்கு. சாப்பாட்டுல கை வைக்கிறாங்க" என்று முறையிட்டனர். நான் நிர்வாகக் குழுவில் இருப்பவன். என்ன ஏது என்று விசாரியாமல் அந்த அம்மையாரிடம் சென்று, "அம்மா, நீங்க இனிமே பூ கட்டுற பக்கம் இருங்களேன்" என்றேன். "சரிங்க சார்" என்று எழுந்து போனார். மறு வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கு அடுத்த வெள்ளியும் வரவில்லை.

அவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பு நடந்து வந்தது என்பதும், அந்த நமைச்சல் சிறுநீரக நோயினால் வந்தது என்பதும், அது எவரையும் தொற்றாது என்பதும் எனக்குப் பின்னரே தெரிய வந்தன.

நமது சமூகத்தில் இது ஏதோ ஒரு வீட்டுக் கதையன்று. மலேசியாவில் இன்று 50,000க்கும் மேற்பட்டோர் டயாலிசிஸில் உயிர் வாழ்கின்றனர். புதிதாகச் சேருவோரில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் காரணம் இனிப்புநீர். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிந்தது. இந்தியரை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூவரில் ஒருவர். சந்நிதியில் கைகூப்பி நிற்கும் வரிசையை இனி மூன்று மூன்றாக எண்ணிப் பாருங்கள். மேற்கு மலேசியாவில் ஏதேனும் ஓர் அளவில் சிறுநீரகக் கோளாறு உடையவர்கள் 2011இல் 9.07 விழுக்காடாக இருந்து 2018இல் 15.48 விழுக்காடாக உயர்ந்துள்ளனர். இவர்களுள் பெரும்பாலோருக்குத் தமக்கு அந்நோய் உள்ளது என்பதே தெரியாது.

சிறுநீரகம் என்றால் சிறுநீரைப் பிரிக்கும் உறுப்பு என்று மட்டுமே பலரும் எண்ணுகிறோம். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்து வந்தேன். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவு நீரை இரண்டும் சேர்ந்து வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியேற்றுகின்றன. இதனுடன் புதிய இரத்த அணுக்கள் உருவாகத் தூண்டுவது, வைட்டமின் டி சத்தைப் பயன்படும் வடிவுக்கு மாற்றுவது, சுண்ணாம்புச் சத்தையும் பாஸ்பரஸ் சத்தையும் சமநிலையில் வைத்திருப்பது ஆகியவையும் அதன் வேலைகளே. கடைசியாகச் சொன்ன இந்தச் சமநிலை குலைவதுதான் தோலுக்கும் இரத்தக் குழாய்களுக்கும் வரும் கேடுகள் பலவற்றுக்கு வேர்.

நமைச்சல்

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் பத்தில் நால்வர் அளவுக்கு, தூக்கத்தைக் கெடுக்கும் நமைச்சலால் அவதியுறுகின்றனர். முதுகு, கைகள், தலை என எங்கும் வரும். இரவில் அதிகமாகும். ஆரம்பத்தில் தோலைப் பார்த்தால் ஒன்றுமே இராது. சொறிந்து சொறிந்துதான் தழும்பும் முடிச்சும் உண்டாகின்றன. இனிப்புநீரும் சேர்ந்தவர்களுக்குக் கால்களில் நடுவே கெட்டியான செதில் கொண்ட சிறு கொப்புளங்கள் தோன்றுவதும் உண்டு. சிலர் இவற்றை அம்மை என்று கருதி வேப்பிலையைச் சொருகிவிட்டு மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடுகின்றனர்.

இந்த நமைச்சலுக்கு ஒரே காரணம் என்று இல்லை. எண்ணெய்ப் பசை சுரப்பதும் வியர்ப்பதும் குறைந்து தோல் வறண்டுபோகிறது. கழிவுப் பொருள்கள் உடலில் தேங்குகின்றன. நரம்புகளே தவறான செய்தியை அனுப்பத் தொடங்குகின்றன. ஆகவேதான் சாதாரண அலர்ஜி மாத்திரை பலருக்குப் பலன் தருவதில்லை. டயாலிசிஸ் போதிய அளவு நடக்கிறதா, இரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறியுள்ளதா என்று பார்ப்பதே முதல் வேலை. அதன்பின் வாசனையில்லாத ஈரப்பசைக் களிம்பு, குளித்தவுடன் ஈரம் காய்வதற்குள் தடவ வேண்டும். கொதிக்கும் வெந்நீர்க் குளியல் ஆகாது. இவற்றுக்கும் அடங்காவிடில் நரம்பைச் சாந்தப்படுத்தும் மாத்திரையைச் சிறுநீரக நிலைக்கேற்ற மிகச் சிறிய அளவில் மருத்துவர் தருவார். புற ஊதாக்கதிர்ச் சிகிச்சையும் உண்டு. 2021இல் அமெரிக்காவில் இதற்கென்றே ஓர் ஊசி மருந்து அனுமதி பெற்றுள்ளது. நமைச்சல்தானே என்று நோயாளி வாய் திறவாமல் இருப்பதுதான் பெரிய குறை. தாதியரிடம் அதைச் சொல்லவே வெட்கப்படுகின்றனர்.

தோல் வேறு சிலவும் சொல்லும். மாநிறத்தவர் மங்கிக் கறுத்துப்போவர். நகத்தின் அடிப்பாதி வெளுத்தும் நுனிப்பாதி பழுப்பாகவும் இருக்கும். இலேசாக இடித்துக்கொண்டாலும் கன்றிப்போகும், ஏனெனில் இரத்தம் உறைவதற்கான தட்டணுக்கள் சரிவர வேலை செய்வதில்லை. டயாலிசிஸின்போது இரத்தம் உறையாதிருக்க மருந்தும் ஏற்றப்படுகிறது. தைப்பூசத்திற்கு அலகு குத்திக்கொள்ள நேர்ந்துகொண்டவர்கள் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

சுண்ணாம்பு ஏறும் குழாய்கள்

பள்ளிக்கூடத்தில் நான் சொல்லும் உவமை ஒன்று. புதிய ரப்பர்க் குழாயில் நீர் பாய்ச்சினால் அது விரிந்து சுருங்கும். பல ஆண்டு வெயிலில் கிடந்த குழாய் விறைத்துப்போய், வளைத்தால் வெடிக்கும். நல்ல இரத்தக் குழாய் ரப்பரைப் போன்றது. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் அது விரிந்து வேகத்தைத் தாங்கிக்கொள்கிறது.

சிறுநீரகம் செயலிழந்தால் பாஸ்பரஸ் வெளியேறாது. கழுத்தில் தைராய்டு சுரப்பிக்குப் பின்னால் பயற்றம்பருப்பு அளவில் நான்கு சிறு சுரப்பிகள் உள்ளன. அவை நிலைமையைச் சீர்செய்யும் முயற்சியில் அளவுக்கு மீறிச் சுரந்து எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தைப் பிரித்து இரத்தத்தில் கலக்கின்றன. எலும்பு பலவீனமாகிறது. அந்தச் சுண்ணாம்பு குழாய்ச் சுவரில் போய்ச் சேர்கிறது. தண்ணீர் கொதிக்கும் கெண்டியில் உப்புப் படிவதுபோல என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியன்று என்று ஒரு மருத்துவர் திருத்தினார். குழாய்ச் சுவரில் உள்ள தசையணுக்களே குணம் மாறி, எலும்பணுக்கள்போல் நடந்துகொள்ளத் தொடங்குகின்றனவாம். உடம்பு தன் குழாயையே எலும்பாக்கிக்கொள்கிறது!

இதனால் மேல் அளவு இரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயத்தின் சுவர் தடிக்கிறது. டயாலிசிஸ் நோயாளிகள் பெரும்பாலும் இதயக் கோளாற்றால்தான் இறக்கின்றனர் என்பதைப் பலர் அறியார். காலுக்குப் போகும் குழாய்கள் இறுகினால் விரல் நுனி கறுத்து அழுகும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கணுக்காலில் பட்டை கட்டி அழுத்தம் அளந்தால், விறைத்த குழாயைப் பட்டை நசுக்க முடியாமல், எல்லாம் நன்றாக இருப்பதுபோல் எண் காட்டும். ஆகவே இத்தகையோருக்குக் கால் கட்டை விரலில் அளந்து பார்ப்பர். காலில் உணர்ச்சி மரத்துப்போனவர்கள் தார்ச்சாலையில் வெறுங்காலுடன் நடந்து பத்துமலையின் 272 படிகளையும் ஏறிவிட்டு, மறுநாள் காலுறையில் இரத்தம் கண்டுதான் புண்ணை அறிகிறார்கள். அவர்களுக்கு வலியே தெரிவதில்லை. வேண்டுதலை எவ்வாறு நிறைவேற்றுவது என்பது அவரவர் விருப்பம். நான் சொல்வது, படியேறும் முன்னும் இறங்கிய பின்னும் பாதத்தை ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்பதே. புண் இருந்தால் திருநீறும் மஞ்சளும் அதன்மேல் இடவேண்டாம். திருநீறு நெற்றிக்கு உரியது.

இனி, அந்த அம்மையாருக்கு வந்ததைச் சொல்லவேண்டும்.

அவர் வீட்டை விசாரித்துக்கொண்டு நானும் என் துணைவியாரும் கிள்ளானுக்குச் சென்றோம். மன்னிப்புக் கேட்கத்தான் சென்றேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் உட்கார முடியாமல் ஒருக்களித்துப் படுத்திருந்தார். என் துணைவியாரை அறைக்குள் அழைத்துக் காட்டினார். இரு தொடைகளிலும் வலைபின்னியதுபோல் ஊதா நிறத்தில் கோடுகள், நடுவே கல் போன்ற கெட்டிப்பு, ஓரிடத்தில் கருந்தோல். துணி பட்டாலே துடிக்கும் வலி. இரண்டு மாதமாக இருந்ததாம். வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் தாதியர் பக்கத்தில் படுத்திருந்தும், தொடையல்லவா, எப்படிக் காட்டுவது என்று எவரிடமும் சொல்லவில்லை.

இதற்குக் கால்சிஃபைலாக்சிஸ் என்று பெயர். ஹான்ஸ் செல்யே என்னும் அறிஞர் 1960களின் தொடக்கத்தில் கனடாவின் மொன்றியல் நகரில் எலிகளைக் கொண்டு செய்த சோதனைகளில் வைத்த பெயர் அது. சிறுநீரக நோயாளிகளிடம் இத்தகைய நிலை காணப்படுவது 1898லேயே லண்டனில் பதிவாகியுள்ளது. தோலுக்கும் அதன் கீழுள்ள கொழுப்புக்கும் இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்களில் சுண்ணாம்பு ஏறி, பின் இரத்தமும் உறைந்து அடைத்துக்கொள்ள, அந்தப் பகுதித் தோல் பட்டினியால் சாகிறது. வயிறு, தொடை, பின்புறம் ஆகிய கொழுப்பு மிகுந்த இடங்களில் அதிகம். அபூர்வமான நோய்தான், டயாலிசிஸ் செய்பவர்களில் ஆயிரத்தில் ஒரு சிலருக்கே வருகிறது. வந்தால் ஏறக்குறைய பாதிப்பேர் ஓராண்டைத் தாண்டுவதில்லை. புண்ணின் வழியே கிருமி இரத்தத்தில் கலப்பதே பெரும்பாலும் முடிவுக்குக் காரணமாகிறது.

பெண்கள், உடல் பருத்தவர்கள், இனிப்புநீர் உள்ளவர்கள், பாஸ்பரஸ் கட்டுக்கடங்காதவர்கள் ஆகியோருக்கு அபாயம் மிகுதி. இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையும் ஒரு காரணியாகிறது. குழாயில் சுண்ணாம்பு சேராமல் காக்கும் ஒரு புரதம் வேலை செய்ய வைட்டமின் கே தேவை. வார்ஃபரின் அந்த வைட்டமினைத் தடுக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், அது பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சையாக டயாலிசிஸ் நேரத்தைக் கூட்டுவர், சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளையும் வைட்டமின் டி மருந்தையும் மாற்றியமைப்பர், சோடியம் தயோசல்பேட் என்னும் மருந்தை ஏற்றுவர், புண்ணைப் பக்குவமாகப் பராமரிப்பர், வலிக்கு வலுவான மருந்து தருவர். சீக்கிரம் கண்டவர்களுக்கே இவற்றால் நம்பிக்கை மிகுதி.

அம்மையாரை அன்றே அவர் மகள் மருத்துவமனையில் சேர்த்தார். ஏழு வாரங்கள் இருந்து, அங்கேயே இறைவனடி சேர்ந்தார்.

உணவும் மாத்திரையும்

பாஸ்பரஸ் விஷயத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், ஆசிரியன் புத்தி. ஒரு முறை டயாலிசிஸில் வெளியேறும் பாஸ்பரஸ் ஒரு கிராமுக்கு உட்பட்டதே. ஒரு நாள் சாப்பாட்டிலேயே ஒரு கிராம் அளவுக்கு வந்துவிடும். வாரத்தில் ஏழு நாள் வரவு, மூன்று நாள் செலவு. மீதியைக் குடலிலேயே பிடித்து நிறுத்தத்தான் கால்சியம் கார்பனேட் போன்ற மாத்திரைகள். அவற்றைச் சாப்பாட்டோடு சேர்த்து உட்கொள்ளவேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால், பிடிப்பதற்கு அங்கே பாஸ்பரஸ் இராது, சுண்ணாம்பு மட்டும் உடம்பில் ஏறும். நம் அன்னதானத்தில் சாப்பிடும் டயாலிசிஸ் அன்பர்கள் எத்தனை பேர் அந்த மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள்! பருப்பிலும் கடலையிலும் உள்ள பாஸ்பரஸ் பாதியளவே உடலில் சேரும். கறுப்புக் கோலா பானம், பதப்படுத்திய இறைச்சி, டின் உணவு இவற்றில் சேர்க்கப்படுவதோ ஏறக்குறைய முழுவதும் சேர்ந்துவிடும். ஆகவே சாம்பாரைக் கண்டு அஞ்சுபவர் கோலாவைக் கண்டு இன்னும் அதிகமாக அஞ்சவேண்டும். இளநீரும் வாழைப்பழமும் பஞ்சாமிர்தமும் பொட்டாசியத்தின் பொருட்டு அளவோடு. பெலிம்பிங் என்று நாம் சொல்லும் நட்சத்திரப் பழத்தை மட்டும் சிறுநீரக நோயாளிகள் ஒரு துண்டும் தொடலாகாது. அதிலுள்ள நஞ்சு மூளையைத் தாக்கி, நிற்காத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுசெல்லும்.

கையில் ஓர் உயிர்நாடி

டயாலிசிஸ் செய்பவரின் கையில் புடைத்து நெளியும் ஒரு நரம்பைப் பார்த்திருப்பீர்கள். 1966இல் நியூயார்க்கில் சிமினோ, பிரெசியா என்னும் மருத்துவர்களும் அவர்களுடைய சகாக்களும் அறிவித்த முறை இது. மணிக்கட்டில் நாடிக்குழாயையும் சிரையையும் இணைத்துவிட்டால், சில வாரங்களில் சிரை தடித்து ஊசி தாங்கும். அதன்மேல் விரல் வைத்தால் பூனை உறுமுவது போன்ற அதிர்வு தெரியும். தினமும் காலையில் தொட்டுப் பார்க்கவேண்டும். அதிர்வு நின்றால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும், நாளை என்று தள்ளக்கூடாது. விரல்கள் குளிர்ந்து நீலம் பாரித்து வலித்தால், விரலுக்குப் போகவேண்டிய இரத்தத்தை அந்த இணைப்பு இழுத்துக்கொள்கிறது என்று பொருள். அதன்மேலுள்ள தோல் மெலிந்து பளபளத்தாலோ, பொருக்கு விழாமலிருந்தாலோ வெடித்துவிடக்கூடும். வெடித்தால் துண்டு துண்டாகத் துணி சுற்றுவது வீண். இரத்தம் வரும் இடத்தை நேராக அழுத்தமாகப் பிடித்து, கையை உயர்த்தி, 999ஐ அழைக்கவேண்டும்.

அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கலாகாது, இரத்தம் எடுக்கலாகாது, இறுக்கமான வளையல், கைக்கடிகாரம் ஆகா, கனமான பை தொங்கவிடலாகாது. இங்கே நம் ஆலயத்தோடு தொடர்புடைய ஒரு சங்கதி உள்ளது. இணைப்பைப் பெரும்பாலும் அதிகம் பயன்படாத கையில், அதாவது இடக்கையில் செய்வார்கள். பெண்களுக்குக் காப்புக் கயிறு கட்டுவதும் இடக்கையில்தான். விரதக் காலத்தில் இறுக்கிக் கட்டிய மஞ்சள் கயிறு ஈரத்தில் நனைந்து மேலும் இறுகும். அது அந்த உயிர்நாடியை அடைத்துவிடக்கூடும்.

சிறுநீரக நோயாளிகள் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும்போது ஏற்றும் காடோலினியம் மருந்தின் சில வகைகளால் தோல் மரப்பட்டைபோல் இறுகியதும் உண்டு. 2006இல் இந்தத் தொடர்பு தெரிந்தபின் பழைய வகைகள் தவிர்க்கப்படுகின்றன, புதிய வகைகளில் அபாயம் மிகக் குறைவு. படம் எடுப்பவரிடம் சிறுநீரக நோய் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

நம் நாட்டில் முதல் சிறுநீரக மாற்று அறுவை 1975 டிசம்பரில் கோலாலம்பூர் மருத்துவமனையில் நடந்தது. 1969இல் தோன்றிய தேசிய சிறுநீரக அறநிறுவனம் பல இடங்களில் டயாலிசிஸ் நிலையங்களை நடத்தி வருகிறது. சொக்சோ சந்தா செலுத்திய தொழிலாளர்களுக்கு, விதிகளுக்கு உட்பட்டு, அந்நிறுவனமே செலவை ஏற்கிறது. இதை அறியாமல் வீட்டை அடகு வைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். சிகிச்சை தொடங்கும் முன்பே விசாரிப்பது நல்லது.

நன்கொடையாளர்கள் கேட்கக்கூடும், டயாலிசிஸ் இயந்திரம் வாங்கிக் கொடுக்கலாமா என்று. வாங்கலாம், ஆனால் இயந்திரத்தைவிட அதை இயக்கும் தாதியரும் ஆண்டுக்கணக்கில் ஓடும் செலவும் பெரிது. என் கருத்தில், வாரம் மூன்று முறை நிலையத்துக்குப் போய்வரும் வண்டிச் செலவு, பாதம் காக்கும் காலணி, ஈரப்பசைக் களிம்பு, புண்ணுக்கு வைக்கும் நல்ல கட்டுத்துணி ஆகியவை சிறிய தொகையில் பெரிய உதவியாகும். இவற்றுக்கென இவ்வாண்டு தனிக் கணக்கு ஒன்று திறக்கப்பட்டுள்ளது. நான் அதன் பொறுப்பாளன்.

நிர்வாகக் குழுவில் நான் கேட்டுக்கொண்டதன் பேரில் இரண்டு மாற்றங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. காப்புக் கட்டும் முன் குருக்கள், "எந்தக் கையில் கட்டலாம்?" என்று கேட்கிறார். சமையற்கட்டில் காய்கறி வெட்ட வருபவர்களுக்குக் கையுறை வைத்திருக்கிறோம், அனைவருக்கும் பொதுவாக. அந்த அம்மையார் வழக்கமாக அமரும் இடத்தில் இப்போது அவருடைய மகள் வந்து அமர்கிறார். அவருக்கும் சென்ற மாதம் சர்க்கரை அளவு பார்த்தார்களாம். சற்றுக் கூடுதல் என்றார். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று சோதிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். முடிவு அடுத்த வெள்ளிக்கிழமை தெரியும்.